வானம் பார்த்த பூமியில் பண்ணும் கார்டும்

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் குண்டாற்றின் கரையில் இருக்கிறது திருச்சுழி. தேவாரம் இவ்வூரைத் திருச்சுழியல் என்று அழைக்கும். பாண்டிநாட்டின் பாடல்பெற்ற தலங்கள் பதினான்கில் இதுவும் ஒன்று. இத்தலத்தைப் பாடியவர் சுந்தரர். ஏழாம் திருமுறையில் 82ஆம் பதிகமாக அது இடம்பெற்றிருக்கிறது. அதன் பண் நட்டபாடை.

சுந்தரர் இங்கு வந்த பயணத்தைப் பெரியபுராணம் சேரமான் பெருமாளின் வரலாற்றுக்குள் வைத்துச் சொல்கிறது. நண்பர்கள் இருவரும் மதுரையில் தொடங்கிப் பாண்டிநாட்டுத் தலங்களை வணங்கிக்கொண்டே இராமேசுவரம் சேர்கிறார்கள். அங்கிருந்தபடியே கடலுக்கு அப்பாலுள்ள திருக்கேதீச்சரத்தைச் சுந்தரர் பாடுகிறார். பிறகு திருச்சுழியல். இரவில் இறைவன் கையில் செண்டு ஏந்திய காளையாகக் கனவில் வந்து, தான் இருப்பது கானப்பேர் என்று சொல்லி மறைய, மறுநாள் பயணம் அந்தப் பக்கம் திரும்புகிறது. கானப்பேர் என்பது இன்றைய காளையார்கோயில். இந்தப் பகுதியில் பண்களை மட்டும் கவனித்தால் ஒரு செய்தி தென்படும். கேதீச்சரப் பதிகமும் சுழியல் பதிகமும் நட்டபாடை. கானப்பேர்ப் பதிகம் புறநீர்மை. கேதீச்சரம் முதல் சுழியல் வரை ஒரே பண்ணில் வந்த பாட்டு, அந்தக் கனவுக்குப் பிறகு பண் மாறியிருக்கிறது. திருமுறைகளைத் தொகுத்தவர்கள் பண்வாரியாக அடுக்கியதால், ஒரே பயணத்தில் பிறந்த இப்பதிகங்கள் ஏழாம் திருமுறையில் 80, 82, 84 என்று அக்கம்பக்கத்திலேயே இருந்தும் இரு வேறு பண் வரிசைகளில் சேர்ந்துவிட்டன.

பண் என்பதை வெறும் சுர வரிசை என்று கொண்டால் பாதிதான் விளங்கும். எந்தச் சுரங்கள் வரும் என்பதோடு, எந்தச் சுரத்தில் நிற்பது, எதை அசைப்பது, எதைத் தொட்டுவிட்டு நகர்வது, எந்தச் சொற்கட்டில் முடிப்பது ஆகிய எல்லாம் சேர்ந்ததே பண். ஆரபியும் தேவகாந்தாரியும் ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் ஒரே சுரங்களைக் கொண்டவை. ஆனால் ஒன்றைப் பாட, கேட்டுப் பழகிய காது மற்றொன்றாக அதை ஒருபோதும் எடுத்துக்கொள்ளாது. நட்டபாடையை ஓதுவார்கள் இன்று கம்பீரநாட்டை இராகத்தில் பாடுகிறார்கள், புறநீர்மையைப் பூபாளத்தில். 1943இல் தோன்றிய சென்னைத் தமிழ் இசைச் சங்கத்தின் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் ஓதுவார்களும் இசைவாணர்களும் இத்தகைய இணைப்புகளைப் பாடிப் பார்த்து விவாதித்தார்கள். சுந்தரர் பாடியது இன்றைய கம்பீரநாட்டையேதான் என்று ஆயிரம் ஆண்டு இடைவெளியைத் தாண்டி ஆணையிட முடியாது. வழிவழியாகக் குரலில் வந்து சேர்ந்த வடிவம் அது என்பதே அதற்குரிய மதிப்பு.

கம்பீரநாட்டைக்கு ஐந்தே சுரங்கள்: சட்சம், அந்தர காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், காகலி நிஷாதம். ரிஷபமும் தைவதமும் இல்லை. சம்பந்தர் சீர்காழியில் பாடிய முதல் பதிகமும் நட்டபாடைதான். முதல் திருமுறையின் தொடக்கத்தில் 22 பதிகங்கள் தொடர்ச்சியாக இதே பண்ணில் நிற்கின்றன. கோயிலிலிருந்து சாமி புறப்படும்போது நாகசுரத்தில் ஒலிக்கும் மல்லாரியும் கம்பீரநாட்டையே. எனவே பதிகத்தின் பெயரே தெரியாதவர்களுக்கும் இந்தப் பண்ணின் ஓசை தெரியும். தவிலோடு மல்லாரி கேட்டால் புறப்பாடு ஆகிவிட்டது என்று ஊரே அறிந்துகொள்ளும்.

பண்களுக்கு அடியில் பாலைகள் இருக்கின்றன. ஏழு சுரங்களுக்குத் தமிழ்ப்பெயர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். யாழில் நரம்புகளைச் சுருதி சேர்த்துவிட்டு, அந்தச் சேர்க்கையைக் கலைக்காமல், குரல் என்னும் தொடக்க இடத்தை மட்டும் அடுத்த நரம்புக்கு நகர்த்தினால் புதிய பாலை பிறக்கும். துத்தம் குரலானால் படுமலைப்பாலை, உழை குரலானால் அரும்பாலை என்று இப்படி ஏழு பாலைகள் வரும். சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் இந்தக் குரல் திரிபை விரிவாகப் பேசுகின்றன.

ஆர்மோனியம் தெரிந்தவர்களுக்கு இதை வெள்ளைக் கட்டைகளை வைத்தே காட்டிவிடலாம். ஐந்தாம் கட்டையைச் சட்சமாக வைத்துக் கறுப்பைத் தொடாமல் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் அரிகாம்போதி வரும். செம்பாலை அதுவே என்பது இன்று பெரும்பாலான இசை ஆய்வாளர்கள் கொள்ளும் கணக்கு. ஆறாம் கட்டையிலிருந்து வாசித்தால் நடபைரவி, அதாவது படுமலை. ஒன்றாம் கட்டையில் சங்கராபரணமாகிய அரும்பாலை. இரண்டில் கரகரப்பிரியாவாகிய கோடிப்பாலை. மூன்றில் தோடியாகிய விளரிப்பாலை. நான்கில் கல்யாணியாகிய மேற்செம்பாலை. மிஞ்சுவது ஏழாம் கட்டை. அதிலிருந்து தொடங்கினால் பஞ்சமம் சரியான இடத்தில் அமையாது. அந்த இடத்தில் இரண்டாவது மத்திமம்தான் நிற்கும். செவ்வழிப்பாலை அதுதான். பஞ்சமத்தை விடாத கர்நாடக இசையின் 72 மேளத் திட்டத்தில் இதற்கு இடம் கிடைக்கவில்லை.

ஐரோப்பாவின் ‘மோட்’களும் இதே ஏழு சுரவரிசைகளில் அடங்குபவைதான். இடைக்காலத் தேவாலயப் பாட்டுக்கு எட்டு மோட்களை வகுத்திருந்தார்கள். கிளாரியானுஸ் என்ற சுவிஸ் அறிஞர் 1547இல் வெளியிட்ட நூலில் அவற்றைப் பன்னிரண்டாக்கினார். அவர் சேர்த்தவற்றில் அயோனியன் நம் சங்கராபரணத்துக்கும் ஏயோலியன் நடபைரவிக்கும் உரிய சுரங்களைக் கொண்டவை. பின் வந்த நூற்றாண்டுகளில் மற்ற மோட்கள் பின்வாங்கிவிட, மேஜர், மைனர் என்ற பெயரில் இந்த இரண்டுமே மேலை இசையை ஆண்டன. அதற்குக் காரணம் கார்டு.

கார்டு என்பது ஒரே நேரத்தில் ஒலிக்கும் மூன்றோ அதற்கு மேலோ ஆன சுரங்களின் அடுக்கு. அதை அமைக்கும் முறை எளிது: ஒரு சுரத்தில் தொடங்கி ஒன்று விட்டு ஒன்றாக எடுக்க வேண்டும். ச-க-ப ஒரு கார்டு, ரி-ம-த இன்னொன்று, க-ப-நி மற்றொன்று. அடிச்சுரத்துக்கும் நடுச்சுரத்துக்கும் இடையே நான்கு அரைச்சுரத் தொலைவு இருந்து, நடுச்சுரத்துக்கும் மேற்சுரத்துக்கும் இடையே மூன்று இருந்தால் மேஜர். முதலில் மூன்று, பிறகு நான்கு என்றால் மைனர். இரண்டும் மூன்றாகவே இருந்தால் குறுகிய கார்டு. வெள்ளைக் கட்டை ஏழிலும் கட்டக்கூடிய கார்டுகளில் மேஜர் மூன்று, மைனர் மூன்று, குறுகியது ஒன்று. எந்தப் பாலைக்கும் இந்த ஏழுதான். எந்தக் கார்டு பாட்டு திரும்பி வந்து அடங்கும் வீடாக அமைகிறது என்பதில்தான் பாலைக்குப் பாலை வேறுபாடு. அரிகாம்போதிக்கும் சங்கராபரணத்துக்கும் வீட்டுக் கார்டு மேஜர்தான். ஆனால் அரிகாம்போதியில் நிஷாதம் தணிந்திருப்பதால் பஞ்சமத்தின் மேல் எழும் கார்டு மைனராகிவிடும். வீட்டுக்கு இழுத்துச் செல்லும் வலு அங்கே குறைவு. மேலை இசை சங்கராபரணத்தின் பக்கம் சாய்ந்தது இதனால்தான்.

சுரங்களுக்கு இடையே உள்ள உறவைத் தமிழ் மரபும் அளந்திருக்கிறது. இணை, கிளை, நட்பு, பகை என்பவை அவ்வுறவுகளின் பெயர்கள். சிலப்பதிகார உரைமரபு கிளைக்கு ஐந்து, நட்புக்கு நான்கு, பகைக்கு மூன்றும் ஆறும் என்று எண் சொல்கிறது. எதை எண்ணுவது என்பதில்தான் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். நரம்பு வரிசையாக எண்ணினால் ச-ப கிளை, ச-ம நட்பு, ச-க பகை. அரைச்சுரப் படிகளாக எண்ணினால் ச-ம கிளை, அந்தர காந்தாரம் நட்பு. சாதாரண காந்தாரமும் பிரதி மத்திமமும் பகை. முதல் கணக்கின்படி கார்டுக்கு முதுகெலும்பான காந்தாரமே பகையாகிவிடும். இரண்டாவது கணக்கில் மேஜர் கார்டு நட்பிலும், மைனர் கார்டு பகையிலும் காலூன்றும். செவிக்கு நெருக்கமாகப் படுவது இரண்டாவது கணக்குதான். ஆனால் எந்தக் கணக்காயினும் இந்த உறவுகள் ஒரு சுரத்துக்குப் பின் மற்றொன்று வரும் பாட்டுக்கும், நரம்புகளைச் சுருதி கூட்டுவதற்கும் பயன்பட்டவை. சுரங்களை ஒரே நேரத்தில் அடுக்கி, அடுக்குகளை நகர்த்தி இசையமைக்கும் வழக்கத்துக்கு அவை போகவில்லை.

ஒரே நேரத்தில் ஒலித்தது சுருதி மட்டுமே. நாகசுரத்தோடு ஒத்து ஊதுபவர், விரல்துளைக்கு வேலையே இல்லாத நெடுங்குழலில் மூச்சு விடாமல் ஒரே சுரத்தை ஊதிக்கொண்டிருப்பார். தம்புராவில் பஞ்சமமும் சட்சமும் மாறி மாறி ஒலிக்கும். நன்கு சுருதி சேர்ந்த தம்புராவை உற்றுக் கேட்டால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் ஒன்று மெல்ல எழுவது கேட்கும். சட்சத் தந்தியின் அதிர்வெண்ணைப் போல் ஐந்து மடங்கில் எழும் மேற்சுரம் அது. ஆகவே ச-க-ப என்னும் மேஜர் கார்டு தம்புராவுக்குள்ளேயே இருக்கிறது. கம்பீரநாட்டை பாடுபவர் காந்தாரத்தில் நிற்கும்போது தந்திக்குள் ஏற்கெனவே ஒலிக்கும் காந்தாரத்தோடுதான் சேர்கிறார்.

மதுரை–தூத்துக்குடிச் சாலையில் அருப்புக்கோட்டைக்குத் தெற்கே இருக்கிறது எட்டயபுரம். மேலை இசையின் கருவியும் மெட்டும் இந்தக் கரிசல் வட்டாரத்தை எட்டிய வழிகளுள் ஒன்று அந்த அரண்மனை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலசுவாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் இருந்த காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். பிறகு எட்டயபுரத்தில் ஆஸ்தான வித்துவான் ஆனார். மேலைநாட்டில் வயலினின் நான்கு தந்திகளும் ஒவ்வொன்றும் அடுத்ததற்குப் பஞ்சமமாக ஏறிச்செல்லும். தமிழ்நாட்டில் அது ச-ப-ச-ப என்று சேர்க்கப்பட்டு, தரையில் உட்கார்ந்து, நுனியைக் காலில் ஊன்றி வாசிக்கும் கருவியானது. கார்டு வாசிக்கவும் வல்ல ஒரு கருவி இங்கே வந்து, பாடுபவரின் குரலுக்கு நிழலாக ஒட்டிக்கொண்டது.

அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் மேலை மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வரம் எனப்படும் இவை முப்பதுக்கும் மேற்பட்டவை; எல்லாமே சங்கராபரணச் சுரங்களில் அமைந்தவை. பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. கமகம் என்னும் அசைவு இல்லாமல் நேர்ச்சுரமாகப் போகும் இந்த மெட்டுகளில் ச-க-ப-ச என்று தாவும் இடங்கள் அடிக்கடி வரும். கார்டைப் பிரித்து ஒவ்வொரு சுரமாக வாசித்தால் எப்படி இருக்குமோ, அதுதான் இந்தத் தாவல். பிள்ளைகளுக்குப் பயிற்சிப்பாடமாக இன்றும் இவை சொல்லித்தரப்படுகின்றன. சங்கராபரண ஆலாபனை என்று அவற்றை எவரும் கொள்வதில்லை. பண்ணுக்கும் சுரவரிசைக்கும் உள்ள தொலைவு அங்கே கண்கூடாகத் தெரியும்.

தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்தில் மறைந்தார். அவருடைய சமாதி அங்கே இருக்கிறது. அவர் அவ்வூருக்கு வந்த வழியில் வறட்சியால் வெடித்துக் கிடந்த நிலத்தைக் கண்டு அமிர்தவர்ஷிணியில் ‘ஆனந்தாமிருதகர்ஷிணி’ பாடினார், மழை பெய்தது என்பது வாய்மொழியாக வரும் கதை. மழையை நம்பியே விதைக்கும் மானாவாரிச் சீமையில் இப்படி ஒரு கதை நிலைத்ததில் வியப்பில்லை. இசைக்கணக்கில் பார்த்தால் இந்தக் கதைக்கு இன்னொரு சுவையும் உண்டு. அமிர்தவர்ஷிணிக்கும் ஐந்தே சுரங்கள்: சட்சம், அந்தர காந்தாரம், பிரதி மத்திமம், பஞ்சமம், காகலி நிஷாதம். திருச்சுழியல் பதிகம் பாடப்படும் கம்பீரநாட்டையிலிருந்து அது வேறுபடுவது ஒரே சுரத்தில், மத்திமத்தில். அந்த மத்திமம் ஓர் அரைச்சுரம் உயர்ந்தால் சாமி புறப்பாட்டு இராகம் மழை இராகம் ஆகிவிடும்.

இந்த இரண்டு இராகங்களிலும் எத்தனை கார்டு கட்ட முடியும்? கம்பீரநாட்டையில் ச-க-ப மேஜர் முழுதாகக் கிடைக்கும். க-ப-நி மைனரும் கிடைக்கும். மத்திமத்தின் மேல் கட்டப் போனால் தைவதம் இல்லை. பஞ்சமத்தின் மேல் கட்டினால் ரிஷபம் இல்லை. நிஷாதத்தின் மேல் கட்டினாலும் ரிஷபம் இல்லை. ஆக இரண்டே கார்டு. அமிர்தவர்ஷிணியிலும் அதே இரண்டுதான், அதே சுரங்களில். இரண்டையும் ஒன்றாக்கி ச-க-ப-நி என்று நான்கு சுர அடுக்காக வைத்தாலும் நிலைமை அதுவே. இரு இராகங்களையும் பிரிக்கும் மத்திமம் எந்த முழுக் கார்டுக்குள்ளும் நுழைவதில்லை. கீபோர்டுகாரர் இந்த அடுக்குகளை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால், பாடுவது புறப்பாடா மழையா என்று அவருடைய கை சொல்லாது. பாடுபவரின் மத்திமம்தான் சொல்ல வேண்டும். கம்பீரநாட்டையில் மத்திமத்தையும் நிஷாதத்தையும் சேர்த்து ஒலித்தால் ஓர் இழுப்பு பிறக்கும். மத்திமம் காந்தாரத்துக்கும் நிஷாதம் சட்சத்துக்கும் போய் அடங்கத் துடிக்கும். மேலை இசையில் பாட்டை வீட்டுக்குக் கொண்டுவரும் கார்டின் சாரமே இந்த இழுப்புதான். ரிஷபம் இல்லாததால் கம்பீரநாட்டை அதைப் பாதியாகவே வைத்திருக்கிறது.

கானப்பேரின் புறநீர்மையாகப் பாடப்படும் பூபாளத்திலும் கணக்கு இரண்டுதான். அமைப்பு மட்டும் தலைகீழ். அங்கே வீட்டுக் கார்டு ச-க-ப மைனர். தைவதத்தின் மேல் ஒரு மேஜர் எழும். சுழியலில் இருந்து கானப்பேருக்குப் போகும்போது மேஜரிலிருந்து மைனருக்கு மாறியதுபோல் இன்றைய காதுக்குப் படலாம். சுந்தரர் காலத்தில் அப்படிக் கேட்டவர் யாரும் இல்லை.

எட்டயபுரத்தின் மற்றொரு பங்கு அச்சு. பாலசுவாமி தீட்சிதரின் மகள்வழிப் பேரனும் தத்துப்பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர் 1904இல் அவ்வூர் வித்தியா விலாசினி அச்சகத்திலிருந்து தெலுங்கில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டார். 72 மேள வரிசையில் இராகங்கள், அவற்றில் தீட்சிதர் கீர்த்தனைகள், ஒவ்வொரு அசைவுக்கும் தனிக்குறி என்று விரியும் நூல் அது. அவரை இந்த வேலைக்குத் தூண்டியவர்களுள் ஒருவர் சின்னசாமி முதலியார். அவர் கர்நாடக இசையை மேலைநாட்டு ஐந்து கோட்டுக் குறிமுறையில் அச்சிட முயன்றவர். அந்தக் கோடுகள் சுரத்தின் இடத்தைத் துல்லியமாகப் பிடிக்கும், கார்டை ஒரே பார்வையில் காட்டும். கமகத்துக்கு மட்டும் அவற்றில் இடம் குறைவு. சுப்பராம தீட்சிதரின் குறிகள் இதற்கு நேர்மாறானவை.

கார்டு மக்கள் வாயில் பாட்டாக ஒலித்தது கிறித்தவக் கோயில்களில். அமெரிக்கன் மதுரை மிஷன் 1834இல் மதுரையில் தொடங்கியது. திருச்சுழி வட்டாரத்து மண்டபசாலை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அதன் நிலையங்களுள் ஒன்றாக இருந்தது. சபைகளில் இருவகைப் பாட்டு வழங்கியது. ஒன்று ஐரோப்பிய, அமெரிக்க மெட்டுகளுக்குத் தமிழ்ச்சொல் பொருத்திய பாமாலை; அது நான்கு குரல்களில் பிரித்துப் பாடத் தக்கது, ஒவ்வொரு சொல்லின் மேலும் ஒரு கார்டு நிற்கும். மற்றொன்று தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழியில் வந்த கீர்த்தனை: பல்லவி, அனுபல்லவி, சரணம், இராகம், தாளம் எல்லாம் உண்டு, கார்டு மட்டும் இல்லை. இம்மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் சாஸ்திரியாரின் பாட்டுகளையும் பிறவற்றையும் திரட்டி 1853இல் நூலாக்கினார். கிராமத்து மக்கள் பாமாலையைவிடக் கீர்த்தனையைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். தமிழின் குறில் நெடிலை மிதித்துக்கொண்டு போகும் மெட்டைவிட, சொல்லோடு சேர்ந்து ஓடும் மெட்டு வாயில் தங்குவது இயல்புதானே. இன்றும் பல சபைகளில் ஒரே ஆராதனையில் இரண்டும் பாடப்படுகின்றன. பாமாலைக்கு ஆர்கனோ கீபோர்டோ கார்டு பிடிக்கும், கீர்த்தனை வந்ததும் அதே கை மெட்டை ஒற்றைச் சுரமாகத் தொடரும்.

கோயிலையும் சபையையும் தாண்டிக் கார்டைப் பொட்டலுக்குக் கொண்டுவந்தது ஆர்மோனியம். ஐரோப்பாவில் பிறந்து, கல்கத்தாவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கையால் துருத்தி ஊதும் பெட்டியாக உருமாறி, நாடகக் கம்பெனிகளோடு ஊர் ஊராகச் சுற்றியது அது. தூத்துக்குடிச் சீமைக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் மதுரைக்குத் தெற்கே ஊர்த் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகமாக விடிய விடிய நடந்தன, இப்போதும் நடக்கின்றன. மேடையோரத்தில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர்தான் நாடகத்தின் சுருதியும் நினைவும். இந்தப் பெட்டி தமிழுக்கு ஒரு சொல்லையும் கொடுத்தது. ஒருவருடைய சுருதி என்ன என்பதற்கு இன்றைக்கும் ‘ஒன்றரைக் கட்டை’, ‘நாலரைக் கட்டை’ என்றே விடை வரும். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகள் முழு எண், கறுப்புக் கட்டைகள் அரை. ஆர்மோனியத்தைத் தொட்டே பார்க்காத ஓதுவாரும் நாகசுரக்காரரும் கூடத் தம் சுருதியைக் கட்டையால்தான் சொல்கிறார்கள்.

ஆர்மோனியத்துக்கு எதிர்ப்பும் அதே வட்டாரத்திலிருந்து எழுந்தது. எட்டயபுரத்துக்காரரான பாரதியார் சங்கீதத்தைப் பற்றி எழுதியபோது இந்தப் பெட்டியைக் கடிந்துகொண்டார். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியது. அந்தத் தடை 1971 வரை நீடித்தது. குறை என்னவோ உண்மைதான். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டிய கருவியில் அந்தர காந்தாரம், தம்புராவில் தானாக எழும் காந்தாரத்தைவிட அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு உயர்ந்து நிற்கும். கம்பீரநாட்டையில் காந்தாரத்தில் நின்று பாடும் இடத்தில் இந்த வேறுபாடு பழகிய காதில் உறுத்தும். கட்டையிலிருந்து கட்டைக்கு வழுக்கிச் செல்லவும் வழியில்லை. ஆனால் சமப் பங்கீட்டை விட்டால் எந்தக் கட்டையிலிருந்தும் எந்தக் கார்டும் பிடிக்கும் வசதி போய்விடும்.

பாலைகளையும் மேலை இசையையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கத் துணிந்தவர் ஆபிரகாம் பண்டிதர். இன்றைய தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்து, தஞ்சையில் மருத்துவராக வாழ்ந்தவர். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி மாநாடுகள் கூட்டினார். 1917இல் வெளிவந்த ‘கருணாமிர்த சாகரம்’ ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய நூல். 22 சுருதிக் கொள்கையை மறுத்து, ஸ்தாயியை ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 என்று சமமாகப் பகுத்தார். சமப் பங்கு என்ற எண்ணம் ஆர்மோனியத்தின் கட்டைகளோடு ஒத்துப்போவதைக் கவனிக்கத்தான் வேண்டும். அவருடைய பல முடிவுகளைப் பின்வந்தவர்கள் ஏற்கவில்லை. இலங்கைக் காரைதீவில் பிறந்த விபுலானந்தர் 1947இல் அரங்கேற்றிய ‘யாழ் நூல்’ வேறு கணக்கில் நடந்தது. ஆனாலும் ஏழு பாலைகளைப் பழம்பெருமையாகப் போற்றுவதோடு நில்லாமல், கையால் அளந்து விரலால் வாசித்துப் பார்க்க வேண்டியவையாக ஆக்கியது பண்டிதரின் நூல்தான்.

சினிமா வந்தபின் கார்டு யாருக்கும் அந்நியம் இல்லை. திருமண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியில் தொடங்கிக் கொடைவிழா இன்னிசைக் கச்சேரி வரை கிதாரும் கீபோர்டும் பாட்டுக்கு அடித்தளமாயின. இராகத்தில் அமைந்த பாட்டுக்குக் கார்டு வைக்கும்போது இசையமைப்பாளர்கள் ஒரு விதியைக் கடைப்பிடிக்கப் பார்ப்பார்கள்: இராகத்தில் இல்லாத சுரம் கார்டிலும் வரக்கூடாது. ஏழு சுர இராகமானால் சிக்கல் குறைவு. கீரவாணியும் நடபைரவியும் கரகரப்பிரியாவும் திரையிசையில் நிறையப் புழங்குவதற்கு அவை தாராளமாகக் கார்டு கொடுப்பதும் ஒரு காரணம். ஐந்து சுர இராகங்கள்தான் கஞ்சத்தனம் செய்யும்.

நாட்டைக் குடும்பத்தின் தாய்மேளமாகிய 36ஆம் மேளம் சலநாட்டை இதில் விசித்திரமானது. அதன் ரிஷபம் மிக உயர்ந்து, சாதாரண காந்தாரத்தின் இடத்திலேயே போய் நிற்கும். அதனால் ஒரே சட்சத்தின் மேல் ச-க-ப என்று மேஜரும், ச-ரி-ப என்று மைனராக ஒலிக்கும் அடுக்கும் இராகத்தைவிட்டு வெளியேறாமலே கிடைக்கின்றன. 1982இல் வந்த ‘நினைவெல்லாம் நித்யா’ படத்தில் ‘பனிவிழும் மலர்வனம்’ பாட்டை இளையராஜா சலநாட்டையில் அமைத்தார். சுரங்கள் ஒன்றோடொன்று நெருங்கி மோதும் விவாதி மேளம் என்று நெடுங்காலம் ஒதுக்கிவைக்கப்பட்ட ஒன்று பட்டிதொட்டியெல்லாம் முணுமுணுக்கும் காதல்பாட்டானது. அந்தப் பாட்டின் உறவுக்காரப் பண்ணில்தான் திருச்சுழியல் பதிகம் இருக்கிறது என்பதைப் பாட்டை முணுமுணுத்தவர்கள் அறிந்திருக்கத் தேவையில்லை.

தேவாரத்தை ஒலிப்பதிவு செய்பவர்கள் பின்னணிக்குக் கீபோர்டு சேர்க்கும்போது இதே கேள்வியைச் சந்திக்கிறார்கள். நட்டபாடைப் பதிகத்துக்கு வழக்கமான மேஜர் வரிசையைப் போட்டால், மத்திமக் கார்டோடு தைவதமும் பஞ்சமக் கார்டோடு ரிஷபமும் உள்ளே வந்துவிடும். இரண்டும் கம்பீரநாட்டைக்கு ஆகாதவை. கிடைக்கும் இரண்டு கார்டையே மாற்றி மாற்றி வாசித்தால் அலுப்புத் தட்டும். பண்ணறிந்த இசையமைப்பாளர் அந்த இடத்தில் காந்தாரத்தையும் எடுத்துவிட்டுச் சட்சமும் பஞ்சமமும் மட்டும் கொண்ட வெற்று அடுக்கை அழுத்திப் பிடித்துக்கொள்வார். காந்தாரம் இல்லாததால் அது மேஜரும் அல்ல, மைனரும் அல்ல. சுழியலின் நட்டபாடைக்கும் கானப்பேரின் புறநீர்மைக்கும் அது ஒன்றுபோலவே பொருந்தும். கார்டின் கணக்கில் அது பாதி. கோயில் வாசலில் ஒத்து ஊதுபவர் அதன் சட்சத்தையும், தம்புரா மீட்டுபவர் அதை முழுதாகவும் காலங்காலமாகப் பிடித்துவந்திருக்கிறார்கள்.